மகள் கேன்சர் பயாலஜி படிக்கக் கேட்கிறாள் – குழுவில் கடன் கொடுக்கலாமா?



திருச்சுழி பக்கம் நடந்த தொகுதிக் கூட்டத்தில் ஒரு கடன் மனு வந்தது. வழக்கமாக மாடு வாங்க, மிளகாய் வெள்ளாமைக்கு, தறிக்கு நூல் எடுக்க, மகள் கல்யாணத்துக்கு என்றுதான் மனு வரும். இந்த மனுவில் "மகள் மேற்படிப்பு, ரூ. 2 லட்சம்" என்று எழுதியிருந்தது. அருப்புக்கோட்டையில் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்த பெண். வெளியூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் எம்.எஸ்ஸி. கேன்சர் பயாலஜி சேர வேண்டுமாம். "படிச்சு முடிச்சா கேன்சர் டாக்டர் மாதிரிங்கிறாங்க மேடம்" என்றார் அந்த அம்மா. ஒருத்தர் "குடுத்துவிடுவோம்க்கா, படிக்கிற புள்ள" என்றார். இன்னொருத்தர் "ரெண்டு லட்சம் திரும்பி வருமா?" என்றார். மூன்றாவதாக ஒரு பாட்டி, "அந்த நோயையே போயி படிச்சா புள்ளைக்கு ஒட்டிக்கிறாதா?" என்று கேட்டார். தீர்மானம் எழுதாமலே கூட்டம் கலைந்தது.

இந்த மூன்று கேள்விகளும் நம்முடைய எல்லாக் குழுக்களிலும் இனி வரும். பத்து வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற வீடுகளில் இன்று பிள்ளைகள் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு நிற்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் முதல் பட்டத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் என்ன செய்வது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. ஆகவே நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கேன்சர் பயாலஜி படித்தவர் டாக்டர் ஆக மாட்டார். நோயாளிக்கு மருந்து எழுத முடியாது, ஆபரேஷன் செய்ய முடியாது. கேன்சர் டாக்டர் ஆக வேண்டுமானால் நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., அதற்கு மேல் எம்.டி., எம்.எஸ்., டி.எம். என்று அது வேறு பாதை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் டெக்னீஷியன் வேலையும் இதில் வராது, அதற்கு மெடிக்கல் லேப் டெக்னாலஜி படிப்பு தனியாக இருக்கிறது. "டாக்டர் மாதிரி" என்று யாராவது சொல்லிச் சேர்க்கை நடத்தினால், அந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கே சேர்க்க யோசியுங்கள்.

அப்படியானால் இதில் என்னதான் படிக்கிறார்கள்?

நம் உடம்பு செல் என்ற கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு அறைகளால் ஆனது. தோல் உரிந்து புதுத் தோல் வருகிறது, காயம் ஆறுகிறது என்றால் செல்கள் ஒன்று இரண்டாகப் பிரிகின்றன என்று அர்த்தம். பிரியும்போதெல்லாம் தன்னுள் இருக்கும் டி.என்.ஏ. என்ற நீளமான குறிப்பை நகல் எடுக்கின்றன. அருப்புக்கோட்டையில் தறி ஓட்டும் சகோதரிகளுக்கு இது சுலபமாகப் புரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்வீர்கள்? தறியை நிறுத்தி, அறுந்த இழையை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவீர்கள். கவனிக்காமல் ஓட்டினால் துணி முழுக்க அந்தக் கோடு விழும். செல்லுக்குள்ளும் இப்படி நிறுத்திச் சரிபார்க்கிற காவலாள் உண்டு. அதில் முக்கியமான ஒன்றுக்கு பி53 என்று பெயர், 1979-ல் கண்டுபிடித்தார்கள். சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட்ட செல்லைச் சாகும்படி செய்வதும் இதன் வேலைதான். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் பாதிக்குப் பக்கம் இந்தக் காவலாள் பழுதாகியிருக்கிறது. நிறுத்த ஆளில்லாமல் செல் பெருகிக்கொண்டே போவதுதான் கட்டி. சீமைக்கருவேலம் மாதிரி இருந்த இடத்தோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்து வேறிடத்தில் போய் வேர் விடும்போதுதான் அது பெரும்பாலும் ஆளைக் கொல்கிறது. இழை எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது, எந்த மருந்து அதைத் தடுக்கும் என்று பார்ப்பதுதான் கேன்சர் பயாலஜி.

அந்தப் பாட்டியின் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். புற்றுநோய் ஒட்டுவொட்டி இல்லை. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. மதுரை பாலரங்காபுரத்துக்கும் சென்னை அடையாறுக்கும் வைத்தியத்துக்குப் போய் வருகிறவர்களைத் தனித் தம்ளரில் தண்ணி குடிக்க வைக்கிற வீடுகள் நம் பகுதியில் இன்னும் இருக்கின்றன, அது பெரிய கொடுமை. லேபில் சில ரசாயனங்களைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளேயே விடுவார்கள்.

"எலியையும் கண்ணாடித் தட்டையும் வச்சுப் பாத்து நமக்கு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் நம் மாதிரி கிராமத்துப் பெண்களை அதிகம் தாக்குகிற நோய். அது எதனால் வருகிறது என்று ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற விஞ்ஞானி, கட்டியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வைச் சோதித்து, எச்.பி.வி. என்ற வைரஸின் ஒரு வகை அதற்குள் இருப்பதை 1983-ல் காட்டினார். நோய்க்குக் காரணம் தெரிந்தது. காரணம் தெரிந்ததால் தடுப்பூசி செய்ய முடிந்தது, 2006-ல் வந்தது. 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் நாட்டிலேயே செய்த செர்வாவாக் ஊசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது.

இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் 2000-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது நாம் வினிகர் என்கிறோமே அதைப் போன்றதை, கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்த்தால் கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். இதை டாக்டர் இல்லாமல் பயிற்சி பெற்ற நர்சுகளே செய்தால் உயிர் பிழைக்குமா என்பதுதான் கேள்வி. 30 முதல் 59 வயது வரை உள்ள 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்தார்கள், பரிசோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டார்கள். 2007-ல் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட நம்மை இலவசமாகப் பரிசோதிக்கிறார்களே, அது இந்தப் பரிசோதனைதான். (போய்ப் பார்த்துக்கொண்டீர்களா? இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் கேட்காமல் விட முடியவில்லை.)

பெண்கள் இந்தத் துறைக்குப் புதியவர்களும் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1954-ல் 12 படுக்கையோடு அது தொடங்கியது. அடுத்த வருஷம் வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் காலமாகும் வரை அங்கேயே இருந்தார். ஆனால் இவர்கள் டாக்டர்கள். நாம் பேசுகிற படிப்புக்குச் சரியான உதாரணம் கமல் ரணதிவே. புனேயில் 1917-ல் பிறந்தவர். கல்யாணம் ஆனது 1939-ல். அதற்குப் பிறகுதான் 1943-ல் எம்.எஸ்ஸி. முடித்தார், 1949-ல் பி.எச்டி. பட்டம் வாங்கினார். பம்பாயில் இந்திய புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் செல்லை உடம்புக்கு வெளியே வளர்க்கும் ஆய்வகத்தை நம் நாட்டில் முதன்முதலாக ஏற்படுத்தினார். மார்பகப் புற்றுநோய்க்கும் பரம்பரைக்கும் உள்ள தொடர்பை எலிகளை வைத்து ஆராய்ந்தார். 1982-ல் பத்மபூஷண் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகு மகாராஷ்டிரக் கிராமங்களில் பெண்கள், குழந்தைகளின் உடல்நலத்துக்காக வேலை செய்தார் என்று படித்தபோது எங்களுக்கு அவர்மேல் தனி மரியாதை வந்தது.

செல் வளர்க்கும் வேலையை அவர் பழகியது அமெரிக்காவில் ஜார்ஜ் கே என்பவரின் ஆய்வகத்தில். அதே ஆய்வகத்தில்தான் 1951-ல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுச் செல்களை வளர்த்தார்கள். புகையிலைத் தோட்டத்தில் பாடுபட்டவர், ஐந்து பிள்ளைகளின் தாய், 31 வயதில் கர்ப்பப்பை வாய்ப் புற்றால் இறந்துபோனார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்கின்றன, அவற்றை விற்றுக் கம்பெனிகள் சம்பாதித்தன. வழக்குப் போட்ட குடும்பத்தோடு ஒரு கம்பெனி 2023-ல்தான் சமரசத்துக்கு வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தத் துறைக்குள் போக வேண்டும் என்று நாங்கள் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏழைப் பெண்ணின் உடம்பு ஆராய்ச்சிக்குப் போகும்போது, அந்த மேசைக்கு எதிரில் நம்மைத் தெரிந்த ஒருத்தியும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனி காசு விஷயம்

கேன்சர் பயாலஜி என்ற பெயரிலேயே எம்.எஸ்ஸி. நடத்தும் இடங்கள் இந்தியாவில் கொஞ்சம்தான். ஆனால் அந்தப் பெயர் இருந்தால்தான் அந்தத் துறைக்குள் போக முடியும் என்று இல்லை. பெரும்பாலானவர்கள் எம்.எஸ்ஸி.யில் உயிர்வேதியியல், பயோடெக்னாலஜி, விலங்கியல், மைக்ரோபயாலஜி, லைஃப் சயின்ஸ் என்று ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு, பி.எச்டி.யில்தான் புற்றுநோய் ஆராய்ச்சிக்குள் போகிறார்கள். இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்கு அரசுக் கல்லூரி வேலைக்கு மனுப் போடும்போது, பட்டத்தின் பெயர் புதிதாக இருந்தால் "இது விலங்கியலுக்கு இணையானது" என்று காட்டும் அரசாணை கேட்பார்கள். அது இல்லாமல் அலைகிறவர்கள் உண்டு. பெயர் அகலமாக இருந்தால் பிள்ளைக்குக் கதவும் அதிகம்.

அந்த அகலமான எம்.எஸ்ஸி.யை நல்ல இடத்தில், குறைந்த செலவில் படிக்க வழி நுழைவுத் தேர்வுதான். மூன்று பெயர்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, கேட்-பி. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் நடக்கும் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி இடங்களுக்கானது. இதில் சேர்கிறவர்களுக்கு மாதம் ரூ. 5,000 உதவித்தொகை உண்டு, அதாவது படிக்கிற பிள்ளைக்கு அவர்கள் பணம் தருகிறார்கள். நமக்குப் பக்கத்திலுள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இந்தத் திட்டத்தில் 1980-களிலேயே இடம் பிடித்த பல்கலைக்கழகம். இரண்டாவது க்யூட் பி.ஜி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு இதுதான் வாசல். மூன்றாவது ஐ.ஐ.டி.க்களுக்கான ஜாம். பிப்ரவரியில் நடக்கும், மனுவை முந்தின வருஷமே போட வேண்டும். பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கும்போதே இவற்றை எழுதலாம். ரிசல்ட் வந்த பிறகு விசாரிக்கக் கிளம்பினால் ஒரு வருஷம் போய்விடும். நம் பகுதியில் பெரும்பாலான பிள்ளைகள் இப்படித்தான் வருஷத்தைத் தொலைக்கிறார்கள்.

தேர்வுத் தாள் தமிழில் வராது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது கஷ்டம்தான், இல்லை என்று சொல்லி ஏமாற்ற மாட்டோம். பாடம் தெரியாமல் தோற்பதைவிடக் கேள்வி புரியாமல் தோற்பது அதிகம். பழைய கேள்வித்தாள்களை எடுத்து ஆறு மாதம் உட்கார்ந்தால் அந்த ஆங்கிலம் பழகிவிடும், ஏனென்றால் அதே வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வரும்.

எம்.எஸ்ஸி. முடித்ததோடு நின்றால் என்ன வேலை கிடைக்கும்? ஆராய்ச்சித் திட்டங்களில் ப்ராஜெக்ட் அசோசியேட் என்ற தற்காலிக வேலை, மருந்துக் கம்பெனி, மரபணுப் பரிசோதனை செய்யும் தனியார் லேப், புது மருந்தை ஆஸ்பத்திரிகளில் சோதிக்கும்போது பதிவேடு பார்க்கும் வேலை, புற்றுநோய்ப் பதிவு மையத்தில் வேலை. அநேகமாக எல்லாம் சென்னை, பெங்களூர், ஐதராபாத்தில்தான். அருப்புக்கோட்டையில் இல்லை, மதுரையில் மிகக் குறைவு. ஆரம்பச் சம்பளத்தில் பெருநகர ஹாஸ்டல் வாடகை கட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பப் பெரிதாக மிஞ்சாது. குடும்பத்துக்குச் சீக்கிரம் வருமானம் வேண்டும் என்ற நிலை இருந்தால் நர்சிங்கோ, கதிர்வீச்சு சிகிச்சை டெக்னீஷியன் படிப்போ பார்க்கலாம். அதுவும் புற்றுநோயாளிக்கு உதவும் வேலைதான், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

இந்தப் படிப்புக்கு உண்மையான மதிப்பு பி.எச்டி.யில்தான் வருகிறது. அதற்குச் சி.எஸ்.ஐ.ஆர். – யு.ஜி.சி. நெட் தேர்வில் லைஃப் சயின்ஸ் பாடத்தில் ஜே.ஆர்.எஃப். வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருஷம் மாதம் ரூ. 37,000, அடுத்த மூன்று வருஷம் ரூ. 42,000, வாடகைப்படி தனி. இது 2023 ஜனவரியிலிருந்து உள்ள தொகை. திருப்பிக் கட்ட வேண்டிய கடன் இல்லை, உதவித்தொகை. எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில், ஜே.ஆர்.எஃப். கிடைப்பது சில ஆயிரம் பேருக்குத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு மூன்று தடவை எழுதித்தான் பலர் வாங்குகிறார்கள். பெண்களுக்கு வயது வரம்பில் ஐந்து வருஷம் சலுகை உண்டு. அதன் பிறகு நவி மும்பையில் டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக், திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையம், சென்னையில் ஐ.ஐ.டி. என்று பல இடங்களில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்யலாம். சென்னை ஐ.ஐ.டி. 2025-ல் இந்தியப் பெண்களின் மார்பகப் புற்றுநோய் மரபணுத் தகவல்களைத் தொகுத்து வெளியிட்டது. இதுவரை பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் உடம்பைப் பார்த்தே மருந்து செய்துவந்தார்கள், நம் உடம்பைப் படிக்க ஆள் தேவைப்படுகிற காலம் இப்போதுதான் வந்திருக்கிறது.

ஆக, 21 வயதில் பி.எஸ்ஸி. முடித்தவள் பி.எச்டி. வாங்கும்போது 29, 30 வயது ஆகிவிடும். நாங்கள் பேசிய தாய்மார்கள் ஃபீஸைவிட இந்தக் கணக்கைக் கேட்டுத்தான் பெருமூச்சு விட்டார்கள். "அதுவரைக்கும் கல்யாணம் பண்ணாம வச்சிருந்தா ஊரு என்னங்கும்?" என்கிறார்கள். ஊர் சொல்லத்தான் செய்யும். இதற்கு நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் கேள்வியை எம்.எஸ்ஸி.யில் சேர்ப்பதற்கு முன்னாலேயே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். இரண்டு லட்சம் செலவழித்துப் படிக்க வைத்துவிட்டு, நெட் எழுதப் போகும் வருஷத்தில் மாப்பிள்ளை பார்த்து நிறுத்தினால் அந்தப் பணமும் போயிற்று, பிள்ளையின் மனசும் போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு தொடர்ந்தவர் கமல் ரணதிவே என்று மேலே சொன்னோம். குடும்பத்துக்காக இடையில் நின்றுபோன பெண்கள் மறுபடி ஆராய்ச்சிக்கு வர மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையில் வைஸ்-கிரண் என்ற திட்டமும் இருக்கிறது.

குழுக் கடன் கொடுக்கலாமா?

எங்கள் கருத்து இது. நுழைவுத் தேர்வு மனுக் கட்டணம், புத்தகம், மதுரைக்குப் போய் எழுதிவர பஸ் செலவு, சேர்க்கை கிடைத்தால் முதல் மாத ஹாஸ்டல் பணம், இதற்கெல்லாம் தாராளமாகக் கொடுங்கள். பதினைந்து இருபதாயிரத்துக்குள் அடங்கும், ஒரு மாட்டுக் கடனைவிடக் குறைவு. ஆனால் பெயர் தெரியாத இடத்தில் ஃபீஸ் கட்ட இரண்டு லட்சம் கொடுக்காதீர்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலே மாதம் 2,000 ரூபாய். அசல் அப்படியே நின்றால் இரண்டு வருஷத்தில் வட்டி மட்டும் 48,000. படிக்கிற பிள்ளையிடம் வருமானம் இல்லை, கட்டப் போவது மிளகாய்க் காட்டில் நிற்கிற தாய். மழை பொய்த்தால் தவணை நிற்கும், மற்ற உறுப்பினர்களுக்கும் சுழற்சி நிற்கும்.

பெரிய தொகை தேவைப்பட்டால் அதற்கு வங்கிக் கல்விக்கடன் இருக்கிறது. 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தவணையைப் படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துக் கட்டத் தொடங்கினால் போதும். மேனேஜர் "நகை இருக்கா, பத்திரம் இருக்கா" என்று கேட்டால் குழுப் பிரதிநிதி இரண்டு பேர் கூடப் போங்கள். குழு லிங்கேஜ் கடனை ஒழுங்காகக் கட்டிய பாஸ்புக்கையும் கையில் எடுத்துப் போங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்த நிறுவனத்துக்கு நேரில் போய்ச் சில விஷயங்களைக் கேட்க வேண்டும். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அதற்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா? செல் வளர்க்கும் அறை இருக்கிறதா, அதில் மாணவர்களே கை வைத்து வேலை செய்கிறார்களா, இல்லை கண்ணாடி வழியாகக் காட்டிவிட்டுப் பூட்டிவிடுவார்களா? கடைசி ஆறு மாத ப்ராஜெக்டை எங்கே செய்ய வேண்டும், அதற்குத் தனிப் பணமா? முன்னால் படித்து முடித்தவர்களில் நான்கு பேரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். வெளிநாட்டில் எம்.எஸ்ஸி. என்று ஏஜெண்டுகள் வந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே எம்.எஸ்ஸி.க்குப் பெரும்பாலும் நாம்தான் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும், பி.எச்டி.க்கு நல்ல இடங்களில் அவர்களே உதவித்தொகை தருவார்கள். போவதானால் அப்போது போகலாம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். மத்திய அரசுத் தேர்வுகளுக்கு நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று மட்டும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்து தாசில்தார் அலுவலகம் வழியாக வரும். வருஷா வருஷம் புதிதாகக் கேட்பார்கள் என்பதால் தேதியைப் பாருங்கள். ஆதாரிலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே சரிபார்த்துவிடுங்கள். உங்கள் குழுவில் பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கும் பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயர், கல்லூரி, பாடம் மூன்றையும் அடுத்த தொகுதிக் கூட்டத்துக்கு வரும்போது எழுதிக் கொண்டுவாருங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் பழைய கேள்வித்தாள்களை நகல் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமைப்பு அலுவலகத்தில் உட்கார்ந்து படிக்க ஏற்பாடு செய்கிறோம்.